ஒரு சாண் காளை

எங்கள் ஊரான சான் தெல்மோவைத் தன் காலடியில் வைத்திருந்த கமாந்தாந்தே தோரோ, ஒவ்வொரு கொலைக்கும் கொஞ்சம் குட்டையானான். முதல் கொலைக்கு ஒரு விரற்கடை குறைந்தது. தன் கையால் செய்தாலும், ரேடியோவில் உத்தரவு போட்டு ஆள் வைத்துச் செய்தாலும் குறைவு ஒன்றுதான்; வானம் இதில் பாகுபாடு காட்டவில்லை. வடக்கிலிருந்து எங்கள் வெராக்ரூஸ் கரைக்கு அவன் வந்து இறங்கியபோது சாராயக் கடை வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. ஹெர்மிலோ என்ற பெயர் அந்த உயரத்துக்குப் போதாது என்று காளை என்று பொருள்படும் தோரோவையும், அதன் முன்னால் தளபதி என்று பொருள்படும் கமாந்தாந்தேயையும் சூட்டிக்கொண்டான். இறால் விலை விழுந்த வருடத்தில் அவன் நகரத் தலைவரின் தோளுக்கு வந்தான். வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோன வருடத்தில் அவருடைய இடுப்புப் பட்டைக்கு வந்தான்; அதற்குப் பிறகு வீட்டு மதிலைத் தாண்டி வெளியே வரவில்லை. குதிரையை விற்றுவிட்டு மட்டக்குதிரை வாங்கினார்கள். பிறகு மட்டக்குதிரை போய் ஒரு வெள்ளாடு வந்தது. ஒருநாள் காலையில் அந்த ஆடு அவனுடைய தொப்பியைத் தின்னலாமா என்று முகர்ந்து பார்த்ததோடு சவாரிக் காலமும் முடிந்தது. கடைசி வருடங்களில் குறைவதற்கு அவனிடம் அதிகம் மிச்சமில்லாததால் ஒரு கொலைக்கு மயிரிழை அளவுதான் குறைந்தான். அதைச் சலுகை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அந்த வருடங்களில்தான் அதிகம் பேர் காணாமல் போனார்கள்.

குரல் மட்டும் குறையவில்லை. அல்லது குறைந்தது வெளியே தெரியவில்லை. அவனுடைய கூட்டத்தை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, கம்பெனி என்பார்கள். கம்பெனி, சதுப்பு நிலத்திலும் மலையிலும் கோபுரங்கள் நட்டு ஆன்டெனா கட்டியிருந்தது. துப்பாக்கிக்காரர் ஒவ்வொருவர் தோளிலும் ஒரு ரேடியோ தொங்கியது. அதில் தோரோ பேசினால் கல்தெருவில் பீப்பாயை உருட்டுவது போல இருக்கும். ஊர் பயந்தது அந்தப் பீப்பாய்ச் சத்தத்துக்கும், நெடுஞ்சாலைப் பாலத்தில் தொங்கிய துணிப்படத்துக்கும்தான். படத்தில் அவன் பழைய உயரத்திலேயே இருந்தான். பத்திரிகைக்காரர் தரையில் படுத்து மேல்நோக்கிப் படம் எடுத்துப் போட்டார். நகரத் தலைவர் ‘மாமனிதர்’ என்று செதுக்கிய பித்தளைத் தகடு கொடுத்தார். அந்தத் தகட்டை அவன் பிறகு நடன மேடையாகப் பயன்படுத்தினான் என்று கேள்வி. எங்கள் பங்குச் சாமியார் எவரிஸ்தோ அவன் கொடுத்த மணியை வாங்கிக் கோயிலில் மாட்டினார். எப்படி அடித்தாலும் அது தகரத் தட்டு விழுந்த சத்தமே போட்டது. சாமியார் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவன் ஒரு சாணுக்கு வந்துவிட்ட உண்மை தெரிந்தவர்கள் தோரோவின் வீட்டுக்குள் இருந்தவர்கள் மட்டும். அவர்கள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். அவன் சர்க்கரைக் கிண்ணத்துக்குள் விழுந்தபோது புன்னகைத்த சமையல்காரனை மறுநாள் காணவில்லை. அதற்கும் ஒரு மயிரிழை குறைந்தது.

வீட்டுக்கு வெளியே உண்மையை அறிந்தவள் உபால்தினா ஒருத்திதான். சந்தையில் குழந்தை ஏசு சுரூபங்களுக்கு, அதாவது வீட்டுச் சிறு சிலைகளுக்கு, உடுப்புத் தைப்பது அவள் பிழைப்பு. பிப்ரவரி தொடக்கத்தில் வரும் காந்தெலாரியா திருநாளுக்கு எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக் குழந்தை ஏசுவும் புது உடுப்புப் போட்டு, கூடையிலோ குட்டி நாற்காலியிலோ அமர்ந்து, பூசைக்குப் போய் ஆசி பெற்று வரும். டாக்டர், மீனவர், பந்தாட்டக்காரர், புனிதர் என்று அவரவர் வேண்டுதலுக்குத் தக்க உடுப்பு. ஆகவே தோரோவின் கையாள் சுர்தோ வந்து, தோள்பட்டை வைத்த தளபதி உடுப்பும் தோல் பூட்ஸும் ஒரு சாண் அளவில் கேட்டபோது அவளுக்கு வியப்பில்லை. இடதுகைக்காரனான அவனை ஊர் சுர்தோ என்றே அழைத்தது. அளவுக்கென்று அவன் கொடுத்த பழைய உடுப்பைக் கையில் எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அக்குள்களில் வியர்வைக் கறை இருந்தது. புகையிலை வாசம் அடித்தது. குழந்தை ஏசுவுக்கு வியர்ப்பதில்லை. உபால்தினா யாரிடமும் சொல்லவில்லை. பொத்தான் துளைக்கு ஒன்றாக ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி, உடுப்பவன் ஆத்துமாவுக்காக ஒப்புக்கொடுத்துத் தைத்தாள். ஒவ்வொரு வருடமும் அளவு சுருங்கியதால் ஜெபமும் சுருங்கிவிடக் கூடாதென்று பொத்தான்களை நெருக்கி வைத்தாள்.

அவள் கடைக்கு எதிரே கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவள் நெரேய்தா. அவளுக்கும் அவள் தம்பி ஃபெர்மீனுக்கும் உபால்தினாதான் ஞானத்தாய். எங்கள் வழக்கத்தில் மாத்ரீனா. ஃபெர்மீன் கோபுரம் ஏறி ஆன்டெனா கட்டுகிறவன். அவனை ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து இறங்கச் சொல்லி, சாப்பாட்டுத் தூக்கோடு கம்பெனி கொண்டுபோனது. அப்படிக் கொண்டுபோன தொழில்நுட்பக்காரர்கள் யாரும் வேலை முடித்துத் திரும்பியதில்லை. ஃபெர்மீன் அங்கே ரேடியோக்களைச் சரிசெய்தான். ஊர் முழுக்க விளக்குக் கம்பங்களில் கேமரா பொருத்தினான். தன் ஆட்களையே தோரோ நம்பாததால் வீட்டுக்குள்ளும் பொருத்தினான். இடையில், யாரும் கேட்காமலே, சுர்தோவின் தாயாருடைய காது கேட்கும் கருவியையும் பழுது பார்த்துக் கொடுத்தான். அந்தக் கிழவி அன்று இரண்டு வருடங்களுக்குப் பிறகு சேவல் கூவுவதைக் கேட்டு அழுதாளாம்.

நெரேய்தா முகமூடிக்காரர்களில் ஒருத்தி. கணினிகளுக்குள் பூட்டை உடைத்துப் புகுகிற இந்த ஹேக்கர்களைப் பற்றி அந்தக் காலத்தில் பெரிதாகப் பேசினார்கள். உண்மையில் அதுவரை அவர்கள் செய்தது, அமைச்சக இணையதளங்களில் சிரிக்கும் மண்டையோட்டை ஒட்டிவைத்து, கீழே பிழை மலிந்த கவிதை எழுதியதுதான். பெரும்பாலோர் தாய் வீட்டில், தாய் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு உலகத்தை மிரட்டினார்கள். தம்பி போனதும் நெரேய்தா அவர்களிடம் அழுதாள். உடனே ஒரு படம் வெளியிட்டார்கள். கோட்டுப் போட்ட முகமூடி ஒன்று இயந்திரக் குரலில் பேசியது: காந்தெலாரியா நண்பகலுக்குள் ஃபெர்மீனை விட வேண்டும், இல்லையென்றால் கம்பெனிக்கு உழைக்கும் உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரின் பெயரும் வெளிவரும். தோரோவின் பதில், சந்தையில் நின்ற துப்பாக்கிக்காரர்களின் தோள்களிலிருந்து அன்று மாலையே உருண்டு வந்தது. ஒரு பெயருக்குப் பத்துத் தலை. ஃபெர்மீனைத் திருநாள் நண்பகலில் அவன் கட்டிய ஆன்டெனாவிலேயே தொங்கவிடுவான். அதன் பிறகு முகமூடிக்காரர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். ஒருவனுக்குத் தேர்வு இருந்தது. ஒருவனுக்கு முதுகுவலி. கோட்டுப் போட்டுப் பேசியவனுடைய அம்மா கணினியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். மிச்சம் நின்றவன், மோந்தெர்ரே நகரத்திலிருந்த, ஆந்தை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் மட்டும். நெரேய்தா அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. பேசும்போதெல்லாம் எதையாவது மென்றுகொண்டிருப்பான்.

பெயர்கள் அவளிடம் நிஜமாகவே இருந்தன. திருநாளுக்கு முந்தைய வாரம் அவள் எழுந்து எதிர்க்கடைக்குப் போனாள்.

“மாத்ரீனா, உங்க பேரும் இதுல இருக்கு.”

“இருக்கும். தச்சுக் குடுத்தேன்ல.” உபால்தினா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “டாக்சி ஓட்டுற செலெதோனியோ பேரு இருக்கா?”

“இருக்கு. யாரு வர்றா, யாரு போறான்னு எல்லாத்தையும் போட்டுக் குடுக்குறான்.”

“அவன் பொண்டாட்டிய ஒரு வாரம் பிடிச்சு வச்சிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் போட்டுக் குடுக்க ஆரம்பிச்சான். நீ பேரைப் போட்டா போலீஸ்காரன் தப்பிச்சு ஓடிருவான், நகரத் தலைவரு விமானம் ஏறிருவாரு. மாட்டிக்கிறது செலெதோனியோதான்.”

“அப்ப என் தம்பி மட்டும் சாகலாமா?”

“அப்படி நான் சொன்னேனா?”

“வேற என்னதான் சொல்றீங்க? ஜெபம் பண்ணச் சொல்றீங்களா? பண்ணியாச்சு. மெழுகுவத்தி வாங்கியே என் கடை வருமானம் போயிருச்சு.”

உபால்தினா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு குட்டிக் காற்சட்டையை எடுத்து நீட்டினாள்.

“மோந்து பாரு.”

“இது எந்த வீட்டுக் குழந்தை ஏசுவுக்கு?”

“மோந்து பாருடி.”

நெரேய்தா முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். “சீ, வேர்வை. சுருட்டு நாத்தம் வேற.” திருப்பிப் பார்த்தாள். முழங்காலில் தேய்ந்திருந்தது. “மாத்ரீனா, இது…”

“காளையோடது.”

“இவ்வளவுதானா ஆளு?”

“அது போன வருஷத்து அளவு. இப்ப இன்னும் பிடிச்சுத் தைக்கச் சொல்லியிருக்கான்.”

நெரேய்தா பல வாரங்களுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையானது; உபால்தினா ஒரு தேவதூதன் உடுப்பின் சிறகுக்கு வைத்திருந்த பஞ்சைக் கொடுத்து மூக்கைத் துடைக்கச் சொன்னாள்.

“எங்களைக் காட்டிக் குடுக்காத மகளே,” என்றாள் பிறகு. “அவனைக் காட்டு.”

காட்டுவதற்குத் தோரோவின் வீட்டுக் கேமராக்களுக்குள் நுழைய வேண்டும். கடவுச்சொல்லை உடைக்க மாதக்கணக்காகும் என்று ஆந்தை சொன்னான். மறுநாள் அவனே கூப்பிட்டான். வழக்கம் போல எதையோ மென்றுகொண்டிருந்தான். “உக்காந்துக்கோ. உள்ள போயாச்சு. பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ஃபேக்டரியில வச்சது. எவனும் மாத்தவே இல்ல.” கம்பெனியை அறிந்தவர்களுக்கு இதில் புதிர் இல்லை. அங்கே ரகசியம் தெரிந்தவன் நீண்ட நாள் இருக்க மாட்டான். புதுக் கடவுச்சொல் வைத்தால் வைத்தவனுக்கு அது தெரிந்துவிடும். தெரிந்தவனைத் தோரோ விட்டுவைக்க மாட்டான். ஆகவே ஃபெர்மீன் பொருத்தியபோது அதை எவனும் மாற்றச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் தனக்குத் தெரியாது என்றே ஒவ்வொருவனும் சொன்னான். ஒருவரும் எதையும் அறியாமலிருக்க அத்தனை பேரும் பாடுபட்ட அந்த வீட்டின் கதவு இப்படி ஊருக்கே திறந்து கிடந்தது.

திருநாளன்று சதுக்கம் நிறைந்திருந்தது. தெருவில் காளைகளை ஓடவிடுவதைத் தூரத்தில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று நகரத் தலைவர் பெரிய திரை கட்டியிருந்தார். பெண்கள் கூடைகளில் தங்கள் குழந்தை ஏசுக்களோடு கோயில் வாசல் வரை நின்றார்கள். நண்பகல் நெருங்க நெருங்க யாரும் ஆன்டெனாக் கோபுரத்தின் பக்கம் பார்க்கவில்லை. நெரேய்தா உபால்தினாவின் கையைப் பிடித்திருந்தாள். திடீரென்று திரையில் காளைகள் மறைந்து ஒரு சாப்பாட்டு மேசை வந்தது. மேசைமேல் தீப்பெட்டி ஒன்றில் தளபதி உடுப்போடு ஒரு குட்டி உருவம் அமர்ந்திருந்தது. கூட்டத்தில் பலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாருடைய குழந்தை ஏசுவோ என்று நினைத்தார்கள். தையல் நன்றாக இருக்கிறதென்று ஒருத்தி பாராட்டினாள். அந்தக் குழந்தை ஏசு, ஒரு வெந்த பீன்ஸ் விதையை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தது. வாயைத் துடைத்தது. தன்னைவிடப் பெரிய ரேடியோவிடம் நடந்துபோய், பொத்தானின் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றது.

“மணி அடிச்சதும் அவனை ஆன்டெனாவுல ஏத்துங்கடா,” என்று சதுக்கத்திலிருந்த தோள்களிலெல்லாம் பீப்பாய் உருண்டது. “ஊரே பாக்கட்டும்.”

திரையில் வாய் அசைந்ததும் தோளில் குரல் வந்ததும் ஒன்றாகப் பொருந்தியிருந்தன. மேசைக்குப் பின்னால் ஃபெர்மீன் நாற்காலியோடு கட்டப்பட்டிருப்பதும், பக்கத்தில் சுர்தோ நிற்பதும் தெரிந்தது. நெரேய்தா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது ஒருவர் சிரித்தார். அது டாக்சிக்காரர் செலெதோனியோ. மனைவி திரும்பி வந்த நாளிலிருந்து அவர் சிரித்ததில்லை. அதனால் முதலில் இருமல் போலத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற துப்பாக்கிக்காரன் அவரை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கினான். தூக்கியவன் திரையை ஒருமுறை பார்த்தான். வருடக்கணக்காக இறுக்கி வைத்த முகம் காதுப்பக்கத்திலிருந்து அவிழ்ந்தது; அவன் முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தான். அவன் விரல் ரேடியோப் பொத்தானில் அழுந்தியிருந்ததால் சதுக்கத்தின் சிரிப்பு முழுவதும் தோரோவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

“என்ன சத்தம் அது? என்னடா பாக்குற?” என்றது குரல். “ஏத்தவெல்லாம் வேணாம். சுடுடா அவனை.”

சுர்தோ கேமராவைப் பார்த்தான். ஃபெர்மீனைப் பார்த்தான். மேசையிலிருந்த மண் குவளையை எடுத்து, மிச்சமிருந்த காப்பியைக் குடித்து முடித்து, அதைக் கமாந்தாந்தே தோரோவின் மேல் கவிழ்த்தான்.

“அம்மா இன்னைக்கும் உன்னைக் கேட்டுச்சு,” என்றான் ஃபெர்மீனிடம், கட்டை அவிழ்த்தபடி. “அந்த ரேடியோக்காரத் தம்பி சாப்டுச்சான்னு. சாப்டியா?”

“இல்லண்ணே.”

“சரி, போற வழியில சாப்டுக்க. உங்க அக்கா சதுக்கத்துல நிப்பா.”

துப்பாக்கிக்காரர்கள் சண்டை போடவில்லை. சிரித்து முடித்தவர்களுக்கு வெட்கம் வந்தது. சிலர் துப்பாக்கியைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். பலர் ஊரைவிட்டுப் போனார்கள். இருவர் அன்று மாலையே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தார்கள்; முடிக்க வாரக்கணக்கானது. கடற்படை வண்டிகள் எப்போதும் போல எல்லாம் முடிந்தபின் வந்தன. சுர்தோ தன் தலைவனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினான். அது விசுவாசம் அல்ல. இப்படிப்பட்ட ஒன்றை எங்கே போடுவதென்று தெரியவில்லை. கோயிலின் பக்கவாசலில் நுழைந்தவன், பீடத்தின் படிகளில் ஆசிக்காக வைத்திருந்த கூடைகளைப் பார்த்தான். நடுவில் ஒரு காலிக் குட்டி நாற்காலி இருந்தது. அதில் அவனை உட்கார வைத்துவிட்டுப் போனான். தோரோ அசையாமல் இருந்தான். சாமியார் எவரிஸ்தோ கண்ணாடியை மறந்து வந்திருந்தார். வரிசையாகத் தீர்த்தம் தெளித்தபோது அவனுக்கும் தெளித்தார். அவன் தும்மினான். பூசை நேரத்தில் யாராவது தும்முவது சகஜம். பூசை முடிந்து அவரவர் தங்கள் குழந்தைகளை எடுத்துப் போனபின் ஒன்று மட்டும் மிஞ்சியது. உபால்தினா குனிந்து பார்த்தாள். தன் தையலை அடையாளம் கண்டு, முந்தானைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

தம்பியைச் சமையலறையில் உட்கார வைத்து, இலையில் பொதிந்து அவித்த சூடான தமால்களைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த நெரேய்தா, ஞானத்தாய் ஒரு தேக்கரண்டியில் மக்காச்சோளக் கஞ்சியை ஆற்றுவதைப் பார்த்தாள்.

“இதுக்குப் போயி கஞ்சி ஊத்துறீங்களா?”

“பசிக்குதாம்.”

“நசுக்கிப் போடாம…”

“நீ நசுக்குறியா?” உபால்தினா கரண்டியை நீட்டினாள். “இந்தா, மேசை மேலதான் இருக்கு.”

நெரேய்தா அதைப் பார்த்தாள். அது கஞ்சிக்காக வாயைத் திறந்துகொண்டு நின்றது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தம்பிக்கு இன்னொரு தமால் பிரித்தாள். அன்றே எல்லாப் பெயர்களையும் அழித்தாள். மறுநாள் செலெதோனியோ அவள் கடை வாசலில் ஓர் அன்னாசிப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். ஆந்தை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. திரும்பி வந்த மற்ற முகமூடிக்காரர்கள் வெற்றி தங்களுடையது என்று ஒரு படம் வெளியிட்டார்கள். அதில் கோட்டுப் பழையதுதான். குரல் முன்னைவிடத் தடித்திருந்தது.

மாநிலத் தலைநகரிலிருந்து நீதிபதி வந்தார். கைவிலங்கு தோரோவின் இடுப்பு வழியாகக் கீழே விழுந்தது. தேடப்படுபவர் நெடிய உருவம் கொண்டவர் என்று ஆணையில் இருந்ததால், தேடப்படுபவர் இன்னும் தலைமறைவாக இருப்பதாக எழுதிக் கையெழுத்திட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். பாலத்தில் இன்றும் அந்த நெடிய உருவத்தைத் தேடும் அறிவிப்புத் தொங்குகிறது. கம்பெனியின் மணியைச் சாமியார் இறக்கி, பன்றிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகக் கொடுத்தார். பன்றிகள் அதில் குடிப்பதில்லை.

ஆகவே அவன் உபால்தினாவின் கடையில், குளிர்காற்று படாத தட்டில், பஞ்சு விரித்த செருப்புப் பெட்டியில் இருக்கிறான். ரேடியோ இல்லாத அவன் குரல் கொசுவுடையது. காணாமல் போனவர்களின் தாய்மார்கள் சனிக்கிழமைதோறும் வருகிறார்கள். அதுவரை அவர்கள் இரும்புக் கம்பியைத் தரையில் குத்தி, புதைத்த வாடை ஏறியிருக்கிறதா என்று நுனியை முகர்ந்து பார்த்துப் பிள்ளைகளைத் தேடியவர்கள். அவர்கள் கத்துவதில்லை. பிள்ளையின் படத்தைக் காட்டுவார்கள். எங்கே என்று கேட்பார்கள். முதலில் பல வாரம் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். உபால்தினா வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை அவன் ஒரு கரும்புத் தோட்டத்தின் பெயரைச் சொன்னான். தாய்மார்கள் போய்த் தோண்டினார்கள். பொய்யில்லை. அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. சொல்லச் சொல்ல அவன் வளர்வான் என்று ஊரில் சிலர் பயந்தார்கள். வளரவில்லை, ஒரு சாணுக்குக் குறைவாகவே இருக்கிறான்.

வயதானவர்கள் குனிந்து காது கொடுக்க வேண்டியிருப்பதைப் பார்த்து, ஃபெர்மீன் ஒரு சட்டைப் பொத்தான் அளவு மைக்கும் பழைய ரேடியோ ஒன்றின் ஒலிபெருக்கியும் வைத்துக் கொடுத்தான். சத்தத்தைக் கூட்டும் குமிழை ஒரு மனிதன் பக்கத்திலிருந்து பேசும் அளவுக்குத் திருப்பி, அதற்குமேல் போகாதபடி பசை போட்டு ஒட்டிவிட்டான். காந்தெலாரியாவுக்கு உபால்தினா இப்போதும் அவனுக்கு ஓர் உடுப்புத் தைக்கிறாள். தோள்பட்டை இல்லாத வெள்ளைச் சட்டை. சந்தைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் சில சமயம் அவனைக் குழந்தை ஏசு என்று நினைத்து விலை கேட்பார்கள்.

“அது விக்கிறதுக்கு இல்லீங்க,” என்பாள். “சனிக்கிழமை வேலை இருக்கு அதுக்கு.”